அக்கி மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தால், கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர எத்தனை நாளாகும் என்று தஞ்சைப் பக்கத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்தத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று நாற்று நடுகிற பெண்கள், காலையிலிருந்து மாலைவரை தங்கள் வாயில் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இந்தக் கணக்கைப் பார்க்காமல் விட்டதால், சாதாரணமான ஒரு நல்ல மருந்து சிலருடைய சிறுநீரகத்தைப் பதம்பார்த்துவிடுகிறது. அக்கிக்குக் கொடுக்கப்படும் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகளைத்தான் சொல்கிறேன்.

அக்கி புதிய நோயல்ல. சிறு வயதில் சின்னம்மை போட்டு ஆறியவர்களின் உடலிலிருந்து அந்த வைரஸ் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு வேர்களில் பல்லாண்டுகள் பதுங்கிக் கிடக்கிறது. வயது ஏறி, சர்க்கரை சேர்ந்து, உடல் தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. நெஞ்சிலோ இடுப்பிலோ முகத்திலோ, உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளங்கள் வார்பட்டைபோல வரிசை கட்டும். கொப்புளத்துக்கு முன்னாலேயே எரிச்சல் தொடங்கிவிடும். துணி பட்டாலும் துடிக்கவைக்கிற வலி அது. நம் ஊர்களில் இன்றும் முதலில் போவது வேளார் வீட்டுக்கு. காவியைக் கரைத்துக் கொப்புளத்தைச் சுற்றி எழுதிவிடுவார்கள். அக்கி எழுதுவது என்று அதற்குப் பெயர். ஆறுதலுக்காகப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன். மூன்று முறை எழுதிவிட்டு வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. பிறகு அவசரம் அவசரமாக மருந்துக்கடை.

அந்த அவசரத்தில்தான் தவறு நேர்கிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடை எதிலும் நீங்கள் பார்க்கலாம். "அண்ணே, அம்மாவுக்கு அக்கி வந்திருக்கு, மாத்திரை குடுங்க" என்று மகன் வந்து நிற்பார். 800 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாளைக்கு. கூடவே வலிக்கு ஒரு மாத்திரை, மேலே தடவ ஒரு களிம்பு. அம்மாவுக்கு என்ன வயது, எடை எவ்வளவு, சர்க்கரை உண்டா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற பேச்சே எழாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. அந்த எச்சரிக்கை அட்டையின் பின்புறம் ஆங்கிலத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில் இருக்கும்.

மருந்தின் மேல் பழி வேண்டாம்

அசைக்ளோவிர் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அமெரிக்காவில் பர்ரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில், கெர்ட்ரூட் எலியன் என்ற வேதியியலாளரின் குழு 1970களில் இதை உருவாக்கியது. முனைவர் பட்டம் பெற வாய்ப்புக் கிடைக்காத அந்தப் பெண்மணிக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை, வைரஸைக் கொல்லும் மருந்து மனிதச் செல்லையும் சேர்த்துக் கொல்லும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். அசைக்ளோவிர் அந்த நம்பிக்கையை உடைத்தது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் போன பிறகு, அந்த வைரஸின் நொதியே இந்த மருந்தைச் செயல்படவைக்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

மூளைக்காய்ச்சலில், குறிப்பாக ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கும்போது, இந்த மருந்தை நரம்பு வழியாகக் கொடுக்காவிட்டால் நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்துபோவார்கள். கண்ணை ஒட்டி வரும் அக்கியில் பார்வையைக் காப்பாற்றுவதும் இதுதான். ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் நான் வருத்தப்படுகிறேன்.

உடலில் புகுந்த அசைக்ளோவிரில் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தண்ணீர் உறிஞ்சப்பட்டுச் சிறுநீர் கெட்டியாகும்போது, கரைந்திருந்த மருந்து ஊசி ஊசியான படிகங்களாகப் பிரிந்து விழுகிறது. வேதாரண்யத்து உப்பளப் பாத்தியில் வெயில் ஏற ஏற உப்பு பூப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான் அங்கேயும் நடக்கிறது. படிகங்கள் குழாயை அடைத்துக்கொள்கின்றன. பின்னால் வரும் சிறுநீருக்கு வழியில்லை. மருந்து தொடங்கிய ஓரிரு நாளிலேயே கிரியாட்டினின் ஏறிவிடலாம். 'உப்பு கூடிப்போச்சு' என்று நம் மக்கள் சொல்வது அதைத்தான். விலாவில் வலி, குமட்டல், வாந்தி, சிறுநீர் குறைவது, இவை அடையாளங்கள். சிலருக்கு ஒரு அடையாளமும் தெரியாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த அடைப்பு பெரும்பாலும் தீரக்கூடியது. மருந்தை நிறுத்தி அல்லது அளவைக் குறைத்து, தண்ணீர் ஏற்றினால், சில நாட்களில் அல்லது சில வாரங்களில் சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்துவிடும். சிலருக்கு மட்டும் இடையில் டயாலிசிஸ் தேவைப்படும். காலம் கடந்து வருகிறவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரகம் பாதி பழுதானவர்களுக்கும்தான் நிரந்தர இழப்பு நேர்கிறது. இவ்வளவு எளிதில் தடுக்கக்கூடிய ஒரு பாதிப்பை, நோயாளியின் விதி என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வயலிலிருந்து தொடங்கும் வறட்சி

குறுவை நடவு ஜூன், ஜூலை வெயிலில் நடக்கிறது. கத்திரி முடிந்த பிறகும் டெல்டாவில் அனல் குறைவதில்லை. சேற்றுத் தண்ணீரிலிருந்து எழும் புழுக்கம் வேறு. விடிவதற்கு முன்பே எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, தூக்குவாளியில் கஞ்சியோ பழைய சோறோ எடுத்துக்கொண்டு போகும் பெண் மதியம்வரை குனிந்தே இருக்கிறாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும் குடிக்கத் தகுந்த தண்ணீர் வரப்பில் இருக்காது. இருந்தாலும் அவள் அளந்துதான் குடிப்பாள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்குவதற்கு இடமில்லை. நாலாபுறமும் வெட்டவெளி. கருவேலம் புதர்கூட இல்லாத வயல்வெளியில், ஆண்கள் போய்வரும் வரப்பில், அவள் எங்கே போவாள்? தாகத்தை அடக்குவது டெல்டாப் பெண்களுக்கு இளம் வயதிலேயே பழகிவிட்ட காரியம். அறுபது வயதிலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் 2023இல் விவசாயத் தொழிலாளர்களிடையே ஒரு கள ஆய்வு நடத்தினார்கள். நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ போன்ற வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. வெப்பத்தில் உழைப்பதும் உடல் வறண்டுபோவதும் இதற்குப் பின்னால் இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்திருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இலங்கையின் வடமத்திய மாகாண நெல் வயல்களிலும் இப்படிப்பட்ட நோயைப் பார்த்து உலகம் அதிர்ந்தது. நம் வயலிலும் அது இருக்கிறது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வறண்ட இப்படியொரு சிறுநீரகத்துக்குள்தான் நாளொன்றுக்கு 4,000 மில்லிகிராம் அசைக்ளோவிர் போகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எழுபது வயது, 42 கிலோ எடை. டெல்டாவில் இந்த வயது, இந்த எடையில் எந்தத் தெருவிலும் ஒரு பாட்டியைப் பார்க்கலாம். அவருடைய ரத்தத்தில் கிரியாட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். சில ஆய்வகங்களின் சீட்டில் 1.4 வரை சரியான அளவு என்றே அச்சிட்டிருக்கும். சீட்டைப் பார்க்கிறவர் "எல்லாம் நார்மல்தான்" என்பார். ஆனால் வயது, எடை, பாலினம், கிரியாட்டினின் நான்கையும் சேர்த்துக் கணக்கிட, 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் வகுத்த சூத்திரம் இருக்கிறது. மருந்து அளவைத் தீர்மானிக்க உலகம் முழுவதும் பயன்படும் சூத்திரம். அதில் போட்டால் பாட்டியின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் வடிகட்டுகிறது. இளைஞர் ஒருவருக்கு இது 100க்கு மேல் இருக்கும். பாட்டியின் சிறுநீரகம் கால்வாசிதான் வேலை செய்கிறது. சீட்டோ நார்மல் என்கிறது. தசை வற்றிப்போன உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால் வருகிற மயக்கம் இது.

25க்குக் கீழே போனால் அசைக்ளோவிர் ஐந்து வேளை அல்ல, மூன்று வேளைதான். 10க்குக் கீழே என்றால் இரண்டு வேளை. வாலாசைக்ளோவிர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது குடலில் நன்றாக உறிஞ்சப்பட்டு, உடலுக்குள் அசைக்ளோவிராக மாறுகிறது. வழக்கமான அளவு 1,000 மில்லிகிராம், நாளைக்கு மூன்று முறை. அதே பாட்டிக்குக் கிரியாட்டினின் 1.2 மட்டுமே என்றாலும், கணக்குப்படி 30க்குக் கீழே வந்துவிடுகிறார். அவருக்கு நாளைக்கு ஒரு மாத்திரைதான் கொடுக்க வேண்டும். மூன்று கொடுத்தால் மூன்று மடங்கு. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. கைபேசியிலேயே போடலாம். போடுவதில்லை.

வலி ஊசி என்னும் இரண்டாவது அடி

அக்கியின் வலி அப்படிப்பட்டது. "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று நோயாளியே கேட்பார். டைக்ளோஃபினாக் ஊசி போட்டால் அன்று இரவு தூக்கம் வரும். வீட்டில் ஏசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் அட்டைகள் எப்போதும் கிடக்கும். நடவு, அறுப்பு நாட்களில் இடுப்பு வலிக்கு அவைதானே துணை. இந்த வகை வலி நிவாரணிகள், சிறுநீரகத்துக்குள் ரத்தம் பாயும் வாசலைச் சுருக்கிவிடுகின்றன. உடல் வறண்டிருக்கும்போது அந்த வாசலைத் திறந்துவைக்க உடல் சுரக்கும் பொருளையே இவை தடுக்கின்றன. ஒரு பக்கம் குழாயில் படிகம், மறுபக்கம் ரத்த ஓட்டம் குறைவு. இதற்கு மேல் டெல்மிசார்டனோ எனலாப்ரிலோ, சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையோ சேர்ந்திருந்தால், சிறுநீரகம் தாங்குவதற்கு வழியே இல்லை. ரத்த அழுத்த மாத்திரைகளை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. அவை உயிர் காப்பவை. ஆனால் அக்கி மாத்திரை எழுதும் மருத்துவரிடம், இன்னின்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அட்டையோடு காட்ட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, நரம்பு வலிக்கான வேறு மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அந்த நரம்பு வலி மாத்திரைகளிலும் சிலவற்றுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும்.

இன்னொன்றை வீட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து ரத்தத்தில் தேங்கினால் மூளையைக் குழப்பும். அக்கி மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாள், மூன்றாம் நாள், பெரியவர் சம்பந்தமில்லாமல் பேசுவார். வாசலில் யாரோ நிற்பதாகச் சொல்வார். கை நடுங்கும். நாக்குக் குழறும். பக்கவாதம் என்று ஒருவர் சொல்வார். வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று இன்னொருவர் சொல்வார். காற்று, கருப்பு என்று விபூதி போடக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளிடம் இது இன்னும் அதிகம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம் அது. மருந்தை நிறுத்தினால், தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்தால், அந்தக் குழப்பம் தெளிந்துவிடும். அடையாளம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

நம் பெரியவர்கள் அம்மைக்கு என்ன செய்தார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன். புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வேப்பிலை கட்டி, அம்மை கண்டவரைத் தனியே படுக்கவைத்து, இளநீர், நீர்மோர், நீராகாரம், பானகம் என்று வேளைக்கு வேளை நீராகவே கொடுத்தார்கள். வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். வெயிலில் விட மாட்டார்கள். மருந்தை மறுத்தது அதில் இருந்த குறை. குளிர்ச்சியும் நீரும் ஓய்வும் கொடுத்தது நிறை. இன்று மாத்திரை வந்துவிட்டது, நல்லது. மாத்திரை வந்தவுடன் மற்றவற்றை விட்டுவிட்டோம். மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாள் நடவுக்குப் போகிறார்கள். கூலியை விட முடியாத வீட்டில் வேறென்ன செய்வார்கள்? மாத்திரையோடு அந்த நீரும் ஓய்வும் சேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். இதய நோய்க்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் தாமாகக் கூட்டக் கூடாது.

மருத்துவமனையில் நரம்பு வழியாக அசைக்ளோவிர் ஏற்றும்போது ஆபத்து இன்னும் கூடுதல். மருந்து முழுவதும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்குவதால் குழாய்களில் படிகம் வேகமாக விழும். இதனால்தான் ஒவ்வொரு தவணையையும் குறைந்தது ஒரு மணி நேரத்தில், முன்னும் பின்னும் போதிய திரவத்தோடு ஏற்ற வேண்டும் என்பது விதி. ஒரு செவிலியர் முப்பது படுக்கைகளைப் பார்க்கிற வார்டில் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவது எளிதல்ல. செவிலியரைத் திட்டுவதைவிட, இன்னும் இரண்டு செவிலியரைப் போடச் சொல்வதே நியாயம்.

மற்ற வைரஸ் மருந்துகள்

கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதம் யாருக்கும் மறந்திருக்காது. ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலிலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் இரவெல்லாம் மக்கள் வரிசையில் நின்றார்கள். கறுப்புச் சந்தையில் விலை எங்கோ போனது. அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமா என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020 அக்டோபரிலேயே ஆராயத் தொடங்கியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் பயத்தைக் குறைத்தன. 2023 ஜூலையில், சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கும் அளவைக் குறைக்காமலே கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்தது. முதலில் எழுந்த பயமும் முதலில் எழுந்த ஆசையும் இரண்டுமே மிகையாக இருந்தன. அசைக்ளோவிர் கதை வேறு. இங்கே பாதிப்பின் காரணமும் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும்.

எச்ஐவிக்குக் கொடுக்கப்படும் டெனோஃபோவிர் இன்னொரு வகை. இந்தியாவில் 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்ஐவியை முதன்முதலில் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இன்று அந்தக் கூட்டு மருந்தின் முதல் வரிசையில் டெனோஃபோவிர் இருக்கிறது. ஹெப்படைட்டிஸ் பி நோயாளிகளும் இதையே ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இது படிகமாக உறைவதில்லை. சிறுநீரகக் குழாயின் செல்லுக்குள் புகுந்து மெதுவாக நலிவிக்கிறது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறவர்களைக் கண்டுபிடிக்க, எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையங்களில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். அங்கே ஒழுங்கு இருக்கிறது. ஆனால் நோயை மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவர் முட்டி வலிக்கு மருந்துக்கடைக்குப் போகும்போது, தான் டெனோஃபோவிர் சாப்பிடுவதைச் சொல்ல மாட்டார். வலி மாத்திரை அங்கும் புகுந்து கெடுக்கிறது. நோயாளியைக் கூனிக்குறுகவைக்கிற ஊரில் அவருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் கடினம். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் திடீரென நிறுத்தினால் ஈரல் அழற்சி கொழுந்துவிட்டு எரியலாம்.

டெல்டாவில் சிறுநீரகத்துக்கு எதிரிகள் ஏற்கெனவே அதிகம். வயல் சேற்றில் எலிக்காய்ச்சல். அறுப்பில் கண்ணாடி விரியன். வெள்ளம் வடிந்த பிறகு வயிற்றுப்போக்கு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு இவையும் காரணம். பாம்பு கடிப்பதை முழுவதும் தடுக்க முடியாது. மருந்தால் வருவதைத் தடுக்க முடியும்.

அரசு செய்ய வேண்டியதில் பெரும் செலவு எதுவுமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாக வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை, எவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அக்கி கண்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லவும், வலி மாத்திரை கூடாதென்று சொல்லவும் அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். அறுபது வயது கடந்த எவருக்கும் கிரியாட்டினின் பார்க்காமல் முழு அளவு அக்கி மாத்திரை எழுதக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும். முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்; முதல் வேளையைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுக்கலாம். ஆய்வகச் சீட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்திலேயே சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதையும் அச்சிட உத்தரவிட வேண்டும். மருந்துக்கடைகள் மாத்திரை உறையின் மேல் தமிழில் மூன்று வரி எழுதிக் கொடுக்கட்டும்: தண்ணீர் நிறையக் குடிக்கவும், வலி மாத்திரை சேர்க்க வேண்டாம், சிறுநீர் குறைந்தாலோ பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு வரவும்.

நிலக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தனியார் வயலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் நடவு ஆட்களுக்கு வெற்றிலை பாக்கும் டீயும் வாங்கித் தருகிற மரபு நம்மிடம் இருக்கிறது. அதோடு ஒரு கேன் குடிநீரும், வரப்போரம் நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டிய ஒரு மறைப்பும் சேர்ந்தால், அந்தப் பெண்கள் தாகத்தை அடக்க வேண்டியிருக்காது. பம்புசெட் கொட்டகை இருக்கும் இடங்களில் இதற்குக் காசே தேவையில்லை.

அக்கி வராமல் தடுக்கும் தடுப்பூசி இந்தியாவுக்கு 2023இல் வந்துவிட்டது. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இரண்டு தவணை. விலை ஆயிரக்கணக்கில் என்பதால் நாற்று நடும் பெண்ணுக்கு அது எட்டாது. அவருக்கு எட்டுகிற மாத்திரையையாவது கெடுதல் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பெரியவர் யாருக்காவது அக்கி வந்தால், முதல் நாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "கிரியாட்டினின் பார்த்துவிட்டு அளவு சொல்லுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. மாத்திரை முடியும்வரை அவரை வயலுக்கு அனுப்பாதீர்கள். மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால், மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியோ உறவினரோகூட அதை அரசுக்குத் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அதற்காகத்தான் 2010இல் தொடங்கப்பட்டது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.